கயிறு பிடித்த கைகள்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையில் மலை இல்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து தெற்கே வென்னப்புவை வரை மணலும், களப்பும், உப்பளமும், தென்னந்தோப்புமே காட்சி தருகின்றன. இத்தகைய கரையில் வாழும் ஆசிரியரும் மாணவரும் பாறையேற்றத்தின் வரலாற்றை ஆராயப் புகுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே நமது கருத்து. பாறையேற்றம் என்பது அடிப்படையில் கயிற்றுக் கலையாகும். ஒரு மனிதன் தன் உயிரை இன்னொரு மனிதனின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தொழிலில் இறங்கும் கலை அது. அக்கலையை இக்கரை நூற்றாண்டுக் கணக்கில் அறிந்திருந்தது. உடப்பில் கரைவலை இழுக்கும் கைகள் இன்றும் அதன் ஒரு பகுதியை அறிந்தே இருக்கின்றன.

எனவே நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள் மூன்று. கயிற்றை நம்பி ஏறவும் இறங்கவும் கற்ற திறன் யாரிடம் பிறந்தது? காலப்போக்கில் அது யாருடைய உடைமையாயிற்று? இன்று அது யாருக்குக் கற்பிக்கப்படுகிறது? இவற்றுக்கு விடை காண முற்படும்போது, விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றினுள் உழைப்பின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

"மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம்" என்பது தமிழில் வழங்கும் பழமொழி. இது மலைத்தேன் எடுப்போரின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது என விளக்கம் கூறுவர். மலைத்தேனீ செங்குத்துப் பாறையின் விளிம்புக்குக் கீழே, கை எட்டாத இடத்தில் கூடு கட்டுகிறது. தேன் எடுப்பவன் காட்டுக்கொடியால் முறுக்கிய ஏணியைப் பாறை உச்சியில் கட்டித் தொங்கவிட்டு, புகையும் நெருப்பும் கொண்டு இறங்குகிறான். மேலே அக்கொடியின் தலைப்பைக் காத்து நிற்பவன் அவனுடைய மனைவியின் சகோதரன். தன் உடன்பிறந்தாள் விதவையாவதை அவன் விரும்பமாட்டான் அன்றோ! நீலகிரியின் குறும்பரும் இலங்கையின் வேடரும் இவ்விதம் பாறை இறங்கித் தேன் எடுத்த மக்களே. பாதுகாப்பின் முதல் விதியை அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. கீழே தொங்குபவன் பிழைத்தால்தான் மேலே நிற்பவனுக்கும் வாழ்வு உண்டு என்ற உறவு இருக்கும்போதே கயிறு நம்பத்தக்கதாகிறது. இதுவே அவ்விதி. இக்கட்டுரை முழுவதும் இவ்விதியை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மலையில் விளங்கிய இவ்வுறவு கடலிலும் விளங்கிற்று. முத்துக்குளிப்பைத் தமிழில் சலாபம் என்றும் வழங்குவர். சிலாபம் என்ற ஊர்ப்பெயரே அச்சொல்லிலிருந்து வந்தது என்று கூறுவோரும் உளர். முத்துச்சிப்பி குளிப்பவன் கல்லொன்றின் பாரத்தால் கடலடிக்கு விரைந்து இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துள் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். படகில் நிற்பவன் அந்த அசைவை உணர்ந்து இழுப்பான். அவ்வசைவை உணரத் தவறும் கை ஓர் உயிரைக் கொன்றுவிடும். ஆகவே கயிறு பிடித்தல் கூலிக்கு ஆள் சேர்த்துச் செய்விக்கும் சில்லறை வேலையாகக் கருதப்படவில்லை. மூழ்குதலுக்கு ஒப்பான தொழிலாகவே அது நிலவிற்று.

இதற்கு எண்களே சான்று. 1905ஆம் ஆண்டு, நமது மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பால் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த பெருஞ் சலாபத்தில் 318 படகுகள் தொழில் செய்தன. மூழ்கியோர் 4,991 பேர். கயிறு பிடித்தோர் 4,894 பேர். ஏறக்குறைய ஒவ்வோர் உயிருக்கும் ஒரு காவற் கை! தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், அரபு நாட்டாரும், மலையாளக் கரையினரும் அங்கே கூடியிருந்தனர். அவ்வாண்டு எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கும் மேல். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கே உழைத்தோருக்கு உரியது. மற்ற இரு பங்கும் குடியேற்ற அரசாங்கத்துக்குச் சென்றன. அப்பங்கை ஏலம் விட்டதில் அரசாங்கம் 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டியது.

இலாபத்தைக் கண்ட இடத்துக்கு மூலதனம் விரைந்து வருதல் இயல்பு. 1906இல் முத்துப்பார்கள் இலண்டனில் அமைந்த கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சலாபம் பழைய அளவில் மீண்டும் எழவேயில்லை. சிப்பிகள் குன்றின, கம்பனி நட்டப்பட்டது, மூழ்குவோர் கலைந்து சென்றனர். படகில், சகதொழிலாளரின் நடுவில், தந்தையிடமிருந்தும் மாமனிடமிருந்தும் கற்ற திறன் அது. தொழில் ஓய்ந்தபோது அத்திறனைக் காத்து அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. அரசாங்கம் தன் பங்கை எண்ணி எடுத்துக்கொண்டதே அன்றி, அத்திறனைக் கல்வி என மதிக்கவில்லை.

இனிப் பாறைக்கு வருவோம். நமது நாட்டில் பாறையேற்றம் என்றவுடன் சீகிரியாவே நினைவுக்கு வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கோட்டை கட்டிய அப்பாறையின் முகத்தில், படிக்கட்டுகளைத் தாங்குவதற்கென வெட்டப்பட்ட குழிகளை இன்றும் காணலாம். அரசனின் பெயரை நாம் அறிவோம். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அக்குழிகளை வெட்டியவர் யாவர்? பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் கதை மாறவில்லை. 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த மறே என்ற ஆங்கிலேயர் ஓவியக் குகைக்கு ஏறி அங்குள்ள ஓவியங்களைப் பிரதி செய்தார். அவருக்கு வழி அமைத்தவர்கள் தமிழ்க் கல்தச்சர்கள். பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, அக்கம்பியின்மேல் காலூன்றி நின்று அடுத்த துளையை இட்டு, அவர்கள் ஒவ்வோர் அடியாக உயர்ந்தனர். அக்காலத்து ஐரோப்பிய மலையேறிகள் வியந்து பாராட்டியிருக்கக்கூடிய செயல் இது. எனினும் மறேயின் பெயர் நிலைத்தது; அவருக்கு முன்னே ஏறியவர்களோ "கல்தச்சர்" என்ற பொதுப்பெயருக்குள் மறைந்துபோயினர்.

ஐரோப்பாவிலும் நிலைமை இதனினும் சிறந்ததாக இருந்ததெனக் கொள்வதற்கில்லை. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களின் உழவரும் வேட்டைக்காரருமே அம்மலைகளின் முதல் ஆசிரியர்கள். பிரான்சின் சமோனி என்ற ஊரில் 1821இலேயே வழிகாட்டிகள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். 1857இல் இலண்டனில் ஆல்பைன் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் வழக்கறிஞர், மதகுருமார், பேராசிரியர் முதலிய ஓய்வும் வருவாயும் உடையோர். உழைப்பவன் வழி காட்டினான். ஓய்வுடையவன் உச்சியை அடைந்து நூல் எழுதினான்.

1865 யூலை 14ஆம் நாள் மட்டர்ஹோர்ன் சிகரம் முதன்முறையாக ஏறப்பட்டது. ஏறியவர் எழுவர். இறங்கும்போது அனுபவம் குறைந்த 19 வயது ஆங்கில இளைஞர் ஒருவர் சறுக்கினார். அவரோடு பிணைக்கப்பட்டிருந்த மூவரும் இழுபட்டு வீழ்ந்தனர். நால்வருக்கும் மற்ற மூவருக்கும் இடையே இருந்த மெல்லிய கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். உயிர் பிழைத்த மூவருள் இருவர் தௌக்வால்டர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் மகனுமான உள்ளூர் வழிகாட்டிகள். தந்தை தன் உயிரைக் காக்கக் கயிற்றை அறுத்துவிட்டார் என்ற வதந்தி பரவிற்று. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்த பின்னரும் அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. சறுக்கியவர் பயிற்சி குறைந்த கனவான். ஐயத்துக்கு ஆளானவர் பயிற்சி மிகுந்த உழவர். கயிறு ஒன்றாகப் பிணைத்தவர்களைச் சமுதாயம் எவ்வாறு பிரித்து நோக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

இந்நிலையை மாற்ற எழுந்த இயக்கம் உழைக்கும் மக்களிடமிருந்தே எழுந்தது. 1895இல் வியன்னா நகரில் இயற்கை நண்பர் சங்கம் நிறுவப்பட்டது. அதனைத் தொடங்கிய மூவர் யார்? கேயோர்க் சிமீடல் என்ற சோசலிச ஆசிரியர். அலோயிஸ் ரோராவர் என்ற கொல்லர். கார்ல் ரென்னர் என்ற மாணவர். ரென்னர் பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவரானார். ஓர் ஆசிரியரும், ஒரு தொழிலாளியும், ஒரு மாணவரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மலைக்குச் செல்லும் உரிமை ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு என்று கூறினர். "மலை விடுதலை பெறுக" என்ற பொருள்படும் வாழ்த்தையே அவர்கள் ஒருவருக்கொருவர் கூறிக்கொண்டனர். பாசிசம் தலையெடுத்தபோது 1933இல் ஜெர்மனியிலும் 1934இல் ஆஸ்திரியாவிலும் இச்சங்கம் தடை செய்யப்பட்டது. தொழிலாளர் கூடி மலையேறுவதைக் கொடுங்கோலர் ஏன் அஞ்ச வேண்டும்? ஒருவரையொருவர் நம்பக் கற்ற மக்கள் வேறு பலவற்றையும் கற்றுக்கொள்வார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிரித்தானியாவிலும் இதே போக்கைக் காண்கிறோம். 1930இல் கிளைட் ஆற்றங்கரையின் கப்பல் கட்டும் நகரில் கிரீயா டூ என்ற மலையேற்றக் கழகம் தோன்றியது. அதன் உறுப்பினர் தொழிலாளரும் வேலையிழந்தோருமாவர். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர்ப் பகுதியின் இளம் தொழிலாளர் பல நூற்றுவர் திரண்டு, நிலப்பிரபுக்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்துள் அத்துமீறி நடந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ரோத்மன் என்ற 20 வயது இளைஞரும் வேறு நால்வரும் சிறை சென்றனர். அப்போராட்டம் வீண் போகவில்லை. 1949இல் நிறைவேறிய தேசியப் பூங்காச் சட்டத்துக்கு வழி திறந்த நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

1951இல் மான்செஸ்டரில் ரொக் அன்ட் ஐஸ் கழகம் அமைந்தது. அதன் முன்னணி வீரரான ஜோ பிரவுன் கட்டடத் தொழில் செய்தவர். வறுமையில் வளர்ந்த அவர் 1955இல் கஞ்சன்ஜங்காவின் முதல் ஏற்றத்தில் இடம்பெற்றார். இத்தலைமுறையினரே பாறையேற்றத்தின் கருவிகளையும் மாற்றினர். முன்னர் பாறை வெடிப்பில் இரும்பு ஆணியை அறைந்து அதில் கயிற்றைக் கொளுவுவர். ஆணி அறைந்த இடத்தில் பாறை சிதையும். தொழிற்சாலைகளையும் புகையிரதப் பாதைகளையும் அறிந்த இவ்விளைஞர்களோ, இயந்திர நட்டுகளைப் பொறுக்கி எடுத்து, உள்ளிருக்கும் புரியை இராவி நீக்கி, கயிற்றுத் துண்டில் கோத்து வெடிப்பில் செருகினர். கீழ்நோக்கி இழுக்கும்போது நட்டு இறுகும். மேல்நோக்கித் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் இதற்கெனவே செய்த ஆப்புகள் விற்பனைக்கு வந்தன. இன்று மரபுமுறைப் பாறையேற்றம் என்று அழைக்கப்படுவது இதுவே. முன்னே ஏறுபவர் ஆப்புகளைச் செருகிக்கொண்டு செல்வார். பின்னே வருபவர் அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார். பாறையில் எதுவும் மிஞ்சாது.

இதனை இன்று கற்பிக்கும் முறை நமது ஆசிரியர்களின் கவனத்துக்கு உரியது. திறந்தவெளியில், சிறு குழுக்களாக, உண்மையான பாறையின் அடியிலேயே பாடம் நடைபெறுகிறது. முதற்பாடம் ஏறுதல் அன்று, முடிச்சு. எட்டின் வடிவில் அமையும் முடிச்சால் இடுப்புவாரில் கயிற்றைப் பிணைக்கக் கற்கின்றனர். ஒருவர் இட்ட முடிச்சை இன்னொருவர் சோதித்த பின்னரே எவரும் தரையை விட்டுக் காலெடுக்கலாம். இரண்டாம் பாடம் கயிறு பிடித்தல். முற்காலத்தில் கயிற்றை முதுகைச் சுற்றி எடுத்துப் பிடிப்பர். இக்காலத்தில் உலோகக் கருவியொன்றின் ஊடாகப் பிடிப்பர். எவ்வாறாயினும் தடுக்கும் கை கயிற்றை விடலாகாது. மூன்றாம் பாடத்தில், தரையில் நின்றபடியே எட்டும் உயரத்தில் உள்ள வெடிப்புகளில் ஆப்புகளைச் செருகுகின்றனர். ஆசிரியர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, இது ஏன் தாங்கும், இது ஏன் தாங்காது என்று விளக்குகிறார். பின்னர் மாணவர் இரண்டாமவராக ஏறி, ஆசிரியர் செருகிய ஆப்புகளைக் கழற்றுகிறார். பிறர் செய்த நல்ல வேலையைப் பிரித்துப் பார்த்தே அவர் வேலை கற்கிறார். முன்னே ஏறும் பொறுப்பு கடைசியாகவே அவருக்கு அளிக்கப்படுகிறது. அப்போதும் மேலிருந்து இன்னொரு கயிறு காவலாக நிற்கும்.

இவற்றுள் எதுவும் நமது கரைக்குப் புதிதன்று. கயிறுகளை ஒன்றோடொன்று இணைக்க மலையேறிகள் கையாளும் முடிச்சுகளுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே மீனவன் முடிச்சு என்பதாகும். அவர்கள் ஆப்பிலும் கொளுவியிலும் இடும் வேறு சில கட்டுகளும் மாலுமிகளிடமிருந்து வந்தவையே. உடப்பின் மீனவச் சிறுவன் ஒருவனை அப்பாறையடியில் நிறுத்தினால், முதற்பாடத்தில் அவன் மற்ற மாணவருக்கு ஆசிரியனாக விளங்குவான். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒருமித்துக் கரைவலை இழுத்துப் பழகியவனுக்கு, ஒருவரின் இழுப்பை மற்றவர் உணர்தல் என்பது இளமையிலேயே வந்த கல்வியன்றோ!

தொழிலாளியின் திறனை அரசு கல்வியென ஏற்று நிறுவனம் அமைத்த உதாரணமும் நமக்கு அருகிலேயே உண்டு. 1953 மே 29ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த டென்சிங் நோர்கே, சுமைதூக்கியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1954 நவம்பரில், நேருவின் ஆதரவோடு, டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டபோது, களப்பயிற்சிக்கு முதல் இயக்குநராக அவரே அமர்த்தப்பட்டார். எழுத்தறிவு பெறும் வாய்ப்பற்று வளர்ந்த ஷெர்பாத் தொழிலாளி ஒருவரின் முன்னே, படைத்துறை அதிகாரிகளும் பல்கலைக்கழக மாணவரும் மாணவராக அமர்ந்தனர். அந்நகரில் அவர் பெயர் தாங்கும் பாறையொன்றில் இன்றும் மாணவர் குழுக்களாக ஏறிப் பழகுகின்றனர். 2016 மே 21ஆம் நாள் எவரெஸ்டை அடைந்த முதலாவது இலங்கையரான ஜயந்தி குரு உதும்பாலவும் டார்ஜிலிங்கில் பயிற்சி பெற்றவரே. பெண்ணுரிமைக்காக உழைக்கும் அவர், மலையற்ற கொழும்பிலிருந்து சென்றவர் என்பதை நமது மாணவியர் சிந்தித்தல் நன்று. பிறந்த ஊரில் மலை உண்டா என்பது முக்கியமன்று. கற்பிக்கும் இடம் உண்டா என்பதே முக்கியம்.

அவ்வாறாயின் நமது கரையில் இன்று கயிறு யார் கையில் இருக்கிறது? கற்பிட்டிக் களப்பில் வெளிநாட்டவரும் வசதி படைத்தோரும் காற்றாடியின் துணையோடு நீரின்மேல் சறுக்கும் விளையாட்டைக் கற்கின்றனர். அவர்களுக்குப் பயிற்சி ஆசிரியர் உண்டு. பாதுகாப்புக் கவசம் உண்டு. படிமுறையான பாடம் உண்டு. இதனை நாம் குறை கூறவில்லை; விளையாட்டு மனிதருக்கு உரியதே. ஆனால் அதே கரையிலிருந்து கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்கும் இளைஞனின் நிலை என்ன? அவன் முதுகில் காற்றுத் தாங்கியைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறான். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றின் நைட்ரசன் குருதியில் கரைகிறது. அவன் விரைந்து மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் எழுவதைப் போன்று உடலினுள் குமிழிகள் எழுகின்றன. மூட்டு வலியில் தொடங்கும் நோய் கால்களை முடக்கிவிடவும் கூடும். உயிரையே பறிக்கவும் கூடும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எங்கே தங்கித் தங்கி மேலெழ வேண்டும் என்பவற்றை விளக்கும் அட்டவணைகள் நூறாண்டுக்கு மேலாக உலகில் உண்டு. எனினும் சந்தையின் அவசரத்தில் கடலில் இறங்கும் இளைஞர் பலர், முன்னே இறங்கியவரைப் பார்த்துப் பழகியதையே பயிற்சியாகக் கொள்கின்றனர். 1905இல் ஒவ்வொரு மூழ்குபவனுக்கும் படகில் ஒரு கயிற்றுக்காரன் இருந்தான். கருவி வளர்ந்த இக்காலத்தில் அந்தக் காவற் கை எங்கே?

தென்னந்தோப்பிலும் இதே வினா எழுகிறது. நமது மாவட்டத்தின் லுணுவிலையில் 1929 முதல் தென்னை ஆராய்ச்சி நடந்துவருகிறது. மரத்தின் நோய்க்கும் மண்ணின் சத்துக்கும் விஞ்ஞானம் உண்டு. மரத்தில் ஏறுபவனின் இடுப்புக்கு மட்டும் கயிறு வேண்டாமா? கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் "தென்னையின் நண்பர்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இளைஞரும் பெண்களும் குழுக்களாகத் தோப்பிலேயே கூடி, ஏறும் கருவியைக் கையாளும் முறையைச் சில நாட்களில் கற்றனர்; அவர்களுக்குக் காப்புறுதியும் அளிக்கப்பட்டது. சாதிக்கு உரியதென இழிவாகக் கருதப்பட்ட ஏற்றத் தொழில், கற்றுப் பெறும் திறனாக மதிப்புப் பெறலாயிற்று. பாறையடியில் நடக்கும் வகுப்புக்கும் தோப்பில் நடந்த இவ்வகுப்புக்கும் முறையில் வேறுபாடு மிகச் சிறிது. ஒன்றில் ஏறுபவர் ஓய்வைத் தேடுகிறார்; மற்றதில் ஏறுபவர் உணவைத் தேடுகிறார். உயிரின் விலை இரண்டிலும் ஒன்றே.

வரலாறு நமக்குக் காட்டும் பாதை தெளிவானது. கயிற்றின் காவல் முதலில் உறவினரின் கையில் இருந்தது. பின்னர் சங்கம் அமைத்த தொழிலாளரின் கையில், மச்சானின் இடத்தைத் தோழன் பெற்றான். அதன் அடுத்த படியாக, அது பொதுக் கல்வியின் கையில் வந்து சேர வேண்டும். தேனெடுத்தவனும், முத்துக் குளித்தவனும், சீகிரியாவில் துளையிட்டவனும் உருவாக்கிய திறன், பணம் கொடுப்போருக்கு மட்டும் விற்கப்படும் பண்டமாக நின்றுவிடுவது நீதியாகாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவை என எவரும் அஞ்சவேண்டியதில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கமும், பாடசாலையும், மருத்துவரும் கூடினால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையே வகுப்பறையாகும். முதிய மீனவர் முடிச்சுகளைக் கற்பிப்பார். மருத்துவர் ஆழத்தின் விதிகளைக் கற்பிப்பார். ஆசிரியர் அவ்விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் படகுதோறும் கொடுப்பார். வியன்னாவில் ஓர் ஆசிரியரும் ஒரு கொல்லரும் ஒரு மாணவரும் செய்யத் துணிந்ததை, சிலாபத்திலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் வாழும் ஆசிரியரும் மீனவரும் மாணவரும் செய்ய இயலாதா? தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இக்கரையில், கயிற்றின் ஒரு முனையில் இருப்பவனின் மொழியையோ மதத்தையோ மறுமுனையில் இருப்பவன் கேட்பதில்லை. அவன் மேலே வந்து சேர்ந்தானா என்றே கேட்கிறான். அவ்வினாவை நமது சமுதாயம் முழுவதும் கேட்கப் பழக வேண்டும்.